பின்வாசலில் போன அம்மாக்கள்

ஜூன் மாதம் பிறந்தால் சசிகலாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் அவளுடைய ஒன்றாம் வகுப்பில் பாடம் நடக்காது, ஒப்பாரிதான் நடக்கும். ஒன்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒன்று தரையில் புரளும். ஒரு வருடம் ஒரு பயல் தன் அப்பாவின் லுங்கியைப் பிடித்த பிடியில், அந்த மனிதர் இடுப்பைக் கையால் பொத்திக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

அரூரிலிருந்து சித்தேரி போகும் பஸ் மலை ஏறுவதற்கு முன்னால் கடைசியாக மூச்சு வாங்குகிற ஊர் அது. சசிகலா அரூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அங்கே மற்ற யாரும் ஒன்றாம் வகுப்பைத் தொட மாட்டார்கள். தலைமையாசிரியர் குப்புராஜ் ஒவ்வொரு வருடமும் வாயெல்லாம் பல்லாக வந்து, உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் டீச்சர் என்பார். இவளும் உச்சி குளிர்ந்து ஒத்துக்கொள்வாள். புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்?

அழுகையை நிறுத்த அவளிடம் ஒரு வழி இருந்தது. ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் புளியங்கொட்டை வைத்திருப்பாள். அதைக் கலகலவென்று ஆட்டித் தரையில் கொட்டுவாள். பிள்ளைகளின் தலை அந்தப் பக்கம் திரும்பும். அந்த நொடியில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா எழுந்து, சத்தம் வராமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்துணவுக்கூடத்து வழியாகப் பின்னாலிருக்கும் இரும்புக் கதவைத் தாண்டிவிட வேண்டும். பிள்ளை திரும்பிப் பார்க்கும், கத்தும், ரெண்டு நாளில் அடங்கிவிடும். இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள்கூடப் பிள்ளை தூங்கும்போதே பை எடுத்துக் கிளம்புகிற ஊர்ப்பக்கம் அது. சொல்லிக்கொண்டு போனால் விடாது என்பதுதான் எல்லா வீட்டிலும் பேச்சு.

இந்த வருடம் அன்பரசி வந்து சேர்ந்தாள். அவளுடைய அப்பா மாதேஸும் அம்மா முனியாயியும் சித்தேரி மலைக்காரர்கள். மேலே சாமைக்கும் தினைக்கும் மழை சரியில்லை என்று இறங்கி வந்து, பள்ளிக்குப் பின்னாலிருக்கிற மாயவனின் தென்னந்தோப்பில் தங்கி வேலை பார்த்தார்கள். பிள்ளை அழவில்லை, பேசவும் இல்லை. முனியாயி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தானும் உட்கார்ந்திருப்பாள். வருகை எடுக்கும்போது அன்பரசி என்று சசிகலா கூப்பிட்டால் கல் மாதிரி இருப்பாள். இருக்குதுங்க டீச்சர் என்று முனியாயிதான் பதில் சொல்வாள். காது கேட்கிறதா இல்லையா என்று சசிகலாவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

ஒரு வாரம் போனது. ஒன்றாம் வகுப்பில் ஒரு அம்மா நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டாரே என்று மற்ற டீச்சர்கள் கேலி பேசினார்கள். சசிகலாவுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலை முனியாயியின் காதருகே குனிந்து, இன்றைக்குப் பின்வாசல் வழியாகப் போய்விடு என்றாள்.

முனியாயி தயங்கினாள். "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேங்க டீச்சர்."

"சொன்னா வுடாதும்மா. எத்தன புள்ளைங்கள பாத்திருக்கறேன். நீ போ, நான் பாத்துக்கறேன்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற அந்த வார்த்தை பிற்பாடு சசிகலாவைப் படாத பாடு படுத்தியது.

புளியங்கொட்டை கொட்டியது. முனியாயி செருப்பைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து சசிகலா ஓரக்கண்ணால் பார்த்தபோது, அன்பரசி காலியாக இருந்த பாயின் நுனியைத் தடவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. சசிகலா அடுத்த வகுப்பு வரைக்கும் போய், பார்த்தீர்களா என்று பெருமை அடித்துவிட்டு வந்தாள்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் கைகழுவ ஓடினார்கள். தட்டோடு உட்கார வைத்துத் தலையை எண்ணினால் ஒன்று குறைந்தது.

முதலில் சசிகலா பதறவில்லை. கழிப்பறையில் பார்த்தாள், இல்லை. மற்ற வகுப்புகளில் பார்த்தாள், இல்லை. சமையல்காரப் பெரியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கஞ்சித் தண்ணி ஊற்றப் போனபோது பின் கதவைச் சாத்தினேனா என்று ஞாபகம் இல்லையே என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தார்கள். இரும்புக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

அந்தக் கதவைத் தாண்டினால் மக்காச்சோளக் காடு. காட்டை ஒட்டிய வரப்பில் போனால் மாயவனின் கிணறு. தரையோடு தரையாக இருக்கும், சுற்றிச் சுவர் கிடையாது. அதைத் தாண்டித்தான் தோப்பு. அம்மாவைத் தேடுகிற பிள்ளை அந்த வரப்பில்தான் போகும்.

குப்புராஜ் பஸ் ரோட்டுக்கு ஓடினார். பெரியம்மாள் தோப்புக்கு ஓடினாள். சசிகலா, அன்பரசி, அன்பரசி என்று கத்திக்கொண்டே சோளத்துக்குள் நுழைந்தாள். இங்கே ஒரு கூப்பாடு, பத்தடி தள்ளி ஒரு கூப்பாடு. சோளத்தோகை முகத்தைக் கீறியது. கிணற்றின் விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். ஆழத்தில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது, நடுவில் ஏதோ மிதந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. மறுபடி உற்றுப் பார்த்தால் தேங்காய் மட்டை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மட்டையாக இருந்ததற்கு அழுவதா, அதன் அடியில் என்ன இருக்கிறதோ என்று அழுவதா, தெரியவில்லை. தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

தோப்பிலிருந்து முனியாயி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பின்கதவுக்கே திரும்பி வந்தார்கள். வாயில் வந்தபடி திட்டட்டும், நாலு பேர் முன்னால் கை நீட்டட்டும் என்று சசிகலா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். முனியாயி திட்டவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எப்புடிங்க டீச்சர் கூப்புட்டீங்க?"

சசிகலாவுக்குப் புரியவில்லை. எல்லாப் பக்கமும் ஓடி ஓடிக் கூப்பிட்டேனே என்றாள்.

"ஓடிக்கிட்டுக் கூப்புட்டா அது வாய் தொறக்காதுங்க. காட்டுல யாராச்சும் பேரு சொல்லிக் கூப்புட்டா மூணாந் தரம் வரைக்கும் ஏன்னு கேக்கக் கூடாது, காத்து கருப்பு ஒரு தரம்தான் கூப்புடும், ரெண்டு தரம்தான் கூப்புடும்னு சொல்லித்தான் வளத்திருக்கறோம். இது எல்லாத்துக்கும் அதையே புடிச்சுக்கிச்சு. நின்ன எடத்துல நின்னு மூணு தரம் கூப்புடணுங்க."

அப்படிச் சொன்னவள் தானே உரக்கக் கூப்பிட வாயைத் திறந்தாள். ஓடி வந்த ஓட்டத்திலும் அழுகையிலும் வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, நீங்க கூப்புடுங்க என்று சைகை காட்டினாள்.

கேட்கும் தூரத்தில் பிள்ளை இருந்தால்தானே. கிணற்றுக்குள் இருந்தால் எத்தனை தரம் கூப்பிட்டு என்ன? சசிகலா சேலையில் ஒட்டியிருந்த சேற்றைக்கூடத் தட்டாமல், கதவுப் பக்கத்தில் காலை ஊன்றி நின்றாள்.

"அன்பரசி."

சோளம் சலசலத்தது. அவ்வளவுதான்.

"அன்பரசி."

பெரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் ரோட்டிலிருந்து வெறுங்கையோடு வந்த குப்புராஜ் அப்படியே நின்றுவிட்டார். மூன்றாவது முறை கூப்பிட சசிகலாவுக்குப் பயமாக இருந்தது. அதற்கும் பதில் இல்லையென்றால் அதற்குமேல் கூப்பிட எதுவும் இல்லை. ஆனாலும் கூப்பிட்டாள்.

"அன்பரசி."

"ஏன்?"

குரல் சோளக்காட்டிலிருந்து வரவில்லை. சுவருக்கு உள்ளேயே, இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னாலிருந்து வந்தது. சுவருக்கும் விறகுக்கும் நடுவில் ஒரு பூனை நுழையும் அளவு சந்து. அதற்குள் முட்டியைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். எல்லாரும் அவளைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறார்கள், தாண்டித்தான் கத்தியிருக்கிறார்கள். அம்மாவின் குரல் கேட்டும், பேர் மூன்று தரம் வரட்டும் என்று அசையாமல் இருந்திருக்கிறாள்.

முனியாயி அவளை வெளியே இழுத்து அணைத்துக்கொண்டு, முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு அந்த முதுகையே தடவினாள். இங்கே எதற்கடி வந்து உட்கார்ந்தாய் என்று கேட்டாள் சசிகலா. அன்பரசி அவளிடம் முதன்முதலாகப் பேசியது அப்போதுதான்.

"அம்மா செருப்பக் கையில எடுத்துக்கிட்டு இந்த வழியாத்தான் போச்சு. நான் பாத்தேன். போன வழியாத்தான வரும்?"

பார்த்திருக்கிறாள். புளியங்கொட்டை கொட்டியபோது எல்லாத் தலையும் திரும்பியது, இந்தத் தலை திரும்பவில்லை. தன் அம்மா திருடி மாதிரி பதுங்கிப் போவதைப் பிள்ளை பார்த்துவிட்டு, அழாமல் இருந்திருக்கிறது. அதைத்தான் சசிகலா பக்கத்து வகுப்பு வரைக்கும் போய்ப் பெருமையாகச் சொன்னாள். இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்ததுகளோ என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குப்புராஜ் இரும்புக் கதவுக்குப் பூட்டு வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

மறுநாள் முனியாயி செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு, முன்வாசலில் நின்று, "நான் போயிட்டு மணி அடிக்கறப்ப வரேன்" என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தாள். அன்பரசி வீறிட்டாள். ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த அழுகை அத்தனையும் வந்தது. அதைக் கேட்டு மற்றதுகளும் ஆரம்பித்தன. பள்ளிக்கூடமே இரண்டுபட்டது, அடுத்த வகுப்பு டீச்சர் வந்து முறைத்துவிட்டுப் போனாள். சசிகலா டப்பாவைத் தொடவில்லை. அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா போயிடுச்சு, மணி அடிச்சா வந்துரும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மணி அடித்தது. முனியாயி முன்வாசலில் நின்றாள்.

வருகை எடுக்கும்போது அந்த ஒரு பெயரை மட்டும் சசிகலா மூன்று தரம் கூப்பிட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். மூன்றாவது முறைக்கு மெல்லிசாக ஒரு "உள்ளேன் டீச்சர்" வரும்.

ஆடிக்காற்று ஜன்னல் கதவுகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. சசிகலா வழக்கம்போல அன்பரசி என்று ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு, அடுத்த தரத்துக்கு மூச்சை இழுத்தாள்.

"உள்ளேன் டீச்சர்."

பிள்ளை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சிலேட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டே சொல்லியிருந்தாள். இரண்டாவது முறை கூப்பிடத் திறந்த வாயை சசிகலா மூடிக்கொண்டாள். வருகைப் பதிவேட்டில் விரலை அடுத்த பெயருக்கு நகர்த்தினாள்.