பின்னால் நடக்கிற கால்

1. போர்வெல் போட்ட கழனி

நான் செய்த கால்களிலேயே ஊர் கூடிச் சிரித்த கால் ஒன்றுதான். எண்பதுகளின் கடைசியில், உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் இடையில் ஒரு கழனிச் சேற்றில் அது தனியாக நின்றது. ரப்பர் பாதம் உள்ளே புதைந்துவிட்டதால் மேலே கறுப்புப் பைப்பு மட்டும் தெரிந்தது. காலுக்குச் சொந்தக்காரரான அஞ்சலை அக்கா இரண்டடி தள்ளிச் சேற்றில் உட்கார்ந்திருந்தார்.

“யக்கா, மேல மோட்டார் வெச்சா தண்ணி எறைக்கலாம் போல கீதே” என்றாள் குப்பு. அக்காவின் நடவு செட்டில் அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். நாற்று முடியோடு நின்ற அத்தனை பெண்களும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். வரப்பில் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்ற எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

2. பைப்பு கால் ஆன கதை

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் செயற்கைக் கால் பட்டறையில் எனக்கு வேலை. முதலில் மரமும் தோலும் வைத்துத்தான் கால் செய்வோம். கனம் அதிகம், மழையில் நனைந்தால் ஊறிப்போகும், ஷூ இல்லாமல் நடக்க முடியாது. எங்கள் பக்கத்தில் கழனி வேலைக்கு ஷூ போட்டுக்கொண்டு போகிறவர் யார்? ஆகவே பாதிக் கால்கள் வீட்டுப் பரணில்தான் இருந்தன.

அப்போதுதான் ஹெச்.டி.பி.ஈ. பைப்பு வந்தது. கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற அதே கறுப்பு பிளாஸ்டிக் பைப்புதான். வெட்டி ஓவனில் வைத்தால் அல்வா மாதிரி இளகும். வெட்டுப்பட்ட காலுக்கு எடுத்த மாவுக்கட்டு மோல்டின் மேல் சூட்டோடு இழுத்து மாட்டினால் அச்சாக உட்காரும். கீழே ரப்பர் பாதம். வெறுங்காலாகவே நடக்கலாம், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. முதல் பைப்பு இளகி மோல்டில் உட்கார்ந்த அன்று எங்கள் இன்சார்ஜ் பட்டறைக்கே போண்டா வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் அஞ்சலை அக்கா வந்தார். கண்ணாடிச் சில்லு குத்திப் புரையோடி, முட்டிக்குக் கீழே காலை எடுத்திருந்தார்கள்.

“இன்னா சார், போர்வெல் பைப்புல காலு பண்ணிக்கினு கீறீங்க?”

“ஆமாங்க்கா. பைப்பு கழனியிலதானே கெடக்குது? இதுவும் கெடக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. “சார், சனி மூலைல மொத முடி நான்தான் வெச்சிகினு இருந்தேன். ரெண்டு நடவா வரப்புல குந்திகினு நாத்து எடுத்துக் குடுக்கறேன். இந்த வாட்டியும் எறங்கலன்னா அந்த மூல வேற ஆளுக்கே நெலச்சிடும். அப்பறம் வரப்புதான் எனக்கு.”

சனி மூலை என்பது கழனியின் வடகிழக்கு மூலை. அங்கே முதல் நாற்று முடியை வைப்பவர்தான் அந்த நடவுக்குத் தலைவி. “எறங்கலாம்க்கா, நான் கேரண்டி” என்று வாய்விட்டேன். சும்மா சொல்லவில்லை. காலை ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுப் பார்த்தோம். இரண்டு பக்கமும் கம்பி பிடித்து நடக்கிற பேரலல் பாரில் அக்காவை ஒரு வாரம் நடக்கவிட்டோம். கடைசி நாள் கம்பியைத் தொடாமலே நடந்தார்.

3. ட்யூப் போன இடம்

அந்தக் கால்தான் முதல் நாளே சேற்றில் நின்றுவிட்டது. சிரிப்பு அடங்கியதும் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். “குப்பு, நீ வெய்யி. நாழியாவுது” என்றார்.

குப்பு அசையவில்லை. “சாரு எதுக்கு வந்துகீறாரு? பாக்கட்டும்” என்றாள்.

இறங்கிக் காலைப் பிடுங்கினேன். பிறகு குப்புவை நாலு நாற்று நட்டுக் காட்டச் சொன்னேன். அவள் குனிந்தாள், முட்டியை மடக்கினாள், நட்டுக்கொண்டே பின்னால் போனாள். எனக்குப் பொறி தட்டியது. நடவு, பின்னால் நடக்கிற வேலை. சின்ன வயதிலிருந்து பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த காட்சிதான். பட்டறையில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஒரு வாரமும் அக்காவை நிமிர்ந்து முன்னால்தான் நடக்கவிட்டிருக்கிறோம்.

முட்டிக்கு மேலே காலைப் பிடித்துக்கொள்கிற தோல் பட்டி, நிமிர்ந்து நின்றால் இறுக்கமாக இருக்கும். முட்டி மடங்கினால் தொளதொளத்துவிடும். சேறு அடியிலிருந்து இழுத்தால் கால் எப்படி வரும்? பழைய மரக் காலில் பட்டியை இடுப்போடு சேர்க்க ஒரு வார் உண்டு. புதுக் கால்தான் லேசாயிற்றே என்று அதைக் கழற்றிப் போட்டிருந்தோம்.

சுற்றிலும் பார்த்தேன். வரப்பில் என் சைக்கிள் நின்றது. பின் சக்கரத்து ட்யூபை உருவி நீளமாக அறுத்தேன். அக்காவுக்குக் காலை மாட்டி, முட்டியை மடக்கிக் குனியச் சொல்லி, அந்த நிலையிலேயே பட்டியை இறுக்கினேன். ட்யூபின் ஒரு முனையை அதில் கட்டி, மறு முனையைக் குப்புவிடம் கொடுத்தேன். அவள் அக்காவின் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

“பின்னால ஒரு அடி வைங்கக்கா.”

வைத்தார். சேறு ‘பொளக்’ என்றது. பாதம் மேலே வந்தது, அக்காவின் முட்டியோடு சேர்ந்து.

இன்னொரு அடி. இன்னொன்று. குப்பு ஒரு முடியை நீட்டினாள். “இந்தா, சனி மூலை காலியாத்தான் கீது. ரெண்டு நடவா மொத முடி எவளும் வெக்கல, தெரியுமா? அத்த வுட்டுட்டுத்தான் நட்டுகினு வந்தோம்.”

அக்காவுக்கு இது தெரியாது. எதிர் வரப்பில் உட்கார்ந்து நாற்று எடுத்துக் கொடுத்தவருக்கு அந்த மூலை தெரிந்திருக்காது. முடியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் வைத்தார். கன்னத்தில் தண்ணீர் வழிய, “குனிஞ்சி நடுங்கடி, இன்னா பராக்கு” என்று அதட்டினார். பழைய தலைவி வந்துவிட்டார். நானும் ஒரு முடி நடலாம் என்று இறங்கி, நல்ல கால் இரண்டும் இருந்தும் மல்லாந்து விழுந்தேன்.

உத்திரமேரூர் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பாடிக்கொண்டு வந்தேன். மறுநாள் இன்சார்ஜ் பின் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, “ட்யூப் எங்கய்யா?” என்றார். “நடவுக்குப் போயிருக்கு சார்” என்றேன். விஷயம் கேட்டதும் அவரே உட்கார்ந்து எலாஸ்டிக்கும் தோலும் சேர்த்து இடுப்பு வார் தைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் ‘நடந்து காட்டுங்க’ என்று யாரும் சொன்னதில்லை. ‘வேலை செஞ்சு காட்டுங்க’ என்போம். குயவர் சக்கரத்தைக் கொண்டுவந்தார், பனையேறி வாசல் மரத்தில் ஏறிக் காட்டினார். இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் கார்பன், டைட்டானியம் என்று பேசுகிறார்கள். கேட்க ஆசையாக இருக்கிறது. எல்லாம் வரட்டும். ஆனால் அளவு எடுக்கும் முன்பு, அந்த ஆள் எந்தப் பக்கம் நடக்கிறவர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.