ஒன்றேகால் மணி நேரத்தில் மதுரை

போன வாரம் கீழ் வீட்டுப் பாண்டிக்கு ஓர் உதவி செய்தேன். செய்யாமல் இருந்திருக்கலாம்.

பாண்டிக்குச் சொந்த ஊர் மதுரை. இங்கே ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்து, ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறார். தங்கை செல்வியின் மகளுக்குத் திங்கட்கிழமை மதுரையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் இவர் ஒருவர்தான். ஆனால் அன்று காலை ஆறு மணி வரை இவருக்கு ஷிப்ட்... லீவு கிடைக்கவில்லை.

"பதினொன்னரைக்கு முகூர்த்தம் சார். பஸ்ஸுல போனா ஆகாதுல்ல?"

நெட்டில் தேடினேன். பெங்களூரு விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் - ஒன்றேகால் மணி நேரம். ஒன்பதரை ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போட்டேன்.

"ஆறு மணிக்குக் கிளம்பினா தாராளம் பாண்டி. பெங்களூரு பக்கத்துலதானே இருக்கு."

ஓசூர்க்காரன் புத்தி அது. எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் எங்களுக்குப் பெங்களூரு வந்துவிடும். விமான நிலையம் அந்த ஊரின் மறுகோடியில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கணக்கில் சேர்க்கத்தான் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை... பெங்களூரு டிராஃபிக்... அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பஸ் மாறி, ஒன்பதேகாலுக்குப் போய் நின்றிருக்கிறார். கவுண்டரை மூடி வெகு நேரமாகிவிட்டது.

அங்கிருந்து மதுரைக்கு ஒரே வழி, திரும்பி வந்து பஸ் பிடிப்பது. மதியம் எனக்கு போன் வந்தது.

"சார், மதுரை பஸ்ஸுல இருக்கேன். இப்ப நம்ம தெருவத் தாண்டுறேன்."

ஏழு மணி நேரம் பயணம் செய்து தன் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். இனிமேல்தான் மதுரை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"காதுகுத்து என்னாச்சு பாண்டி?"

"தெரியல சார். செல்வி போன எடுக்கல."

அன்று எனக்கு வேலை ஓடவில்லை. என் அவசரக் கணக்கால் ஒரு குழந்தை யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்கிறதே என்றிருந்தது.

புதன்கிழமை பாண்டி லட்டு டப்பாவோடு மாடியேறி வந்தார். செல்வி முகூர்த்தத்தைப் போக விட்டிருக்கிறாள். வந்தவர்களைச் சாப்பிட வைத்து அனுப்பிவிட்டு, காது குத்த வந்த ஆசாரியை மட்டும் போக விடவில்லையாம். மறுநாள் காலை ஏழு மணிக்குக் குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதிருக்கிறது.

"நல்ல நேரம் போச்சேன்னு பெருசுக எல்லாம் சத்தம் போட்டாங்களாம் சார். 'எங்க அண்ணன் வர்ற நேரம்தான் நல்ல நேரம்'னுட்டாளாம்."

லட்டு நன்றாக இருந்தது. அடுத்த வருஷம் செல்வியின் மகனுக்குக் காதுகுத்தாம்.

"டிக்கெட் நானே போட்டுக்கறேன் சார்" என்றார் பாண்டி, மிகுந்த மரியாதையோடு.