பீரோவின் கையளவு

பீரோ என்பது ஓர் ஆள். பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கடையில் அவருக்கு டெலிவரி வேலை. வாசலில் நின்றால் வாசலே அடைபட்டுவிடும் என்பதால் கடை வண்டியின் டிரைவர் வைத்த பெயர் அது. பத்தொன்பது வருஷம் ஜிம்மில் வளர்த்த உடம்பு. கை பதினேழு அங்குலம். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அந்த உடம்புதான் ஒருநாள் அவர் மானத்தை வாங்கியது. நாலாவது மாடிக்கு ஒரு பிரிட்ஜ் ஏற்ற வேண்டும். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி, கண் இருட்டி, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுமுனையைப் பிடித்திருந்த டிரைவர் ஒல்லிக்குச்சி மனிதர். அவருக்கு வியர்க்கக்கூட இல்லை.

"அண்ணே, நீங்க பிரிட்ஜைத் தூக்குறீங்களா, பிரிட்ஜ் உங்களைத் தூக்குதா?"

டாக்டர் சோதித்துவிட்டு, இதயத்தில் கோளாறு ஒன்றுமில்லை, மெதுவாக ஓட ஆரம்பியுங்கள் என்றார். ஓடினால் சதை கரைந்துவிடுமே என்று பீரோ பயந்தார். ஓடுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறாரே, கன்னம் ஒட்டிப்போய், காற்றடித்தால் விழுந்துவிடுவார்கள் போல. நேராக ஜிம் மாஸ்டரிடம் போய் நின்றார்.

"வாரத்துல நாலு நாள் ஓடு, ரெண்டு நாள் இங்க வா," என்றார் மாஸ்டர். "தூக்குற வெயிட்டைக் குறைக்காத. எத்தனை தடவை தூக்குறங்கிறதைக் குறைச்சுக்கோ. முட்டை, மீன், பருப்பு ஒழுங்கா சாப்பிடு, நல்லா தூங்கு. சதை எங்கயும் ஓடிப்போகாது."

மூன்று மாதம் அப்படியே செய்தார். மூச்சு வாங்குவது நின்றது. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "இளைச்சுட்டீங்களே." பாராட்டாகத்தான் சொன்னார்கள். பீரோவுக்கோ ஒவ்வொரு முறையும் யாரோ கையைக் கிள்ளியெடுத்துக்கொண்டு போவது போலிருந்தது. ஜிம்மில் ஆணியில் ஒரு டேப் தொங்குகிறது, ஆனால் அத்தனை பேர் முன்னால் அளந்து பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மெஷினில் மும்முரமாக இருந்தபோது, பூனை மாதிரி நடந்துபோய், துண்டுத்துணி அடைத்த கீழ் டிராயரிலிருந்து ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் புகுந்தார். இடுப்பை அளந்தார். முப்பத்தாறாக இருந்தது இப்போது முப்பத்து மூன்றரை. பரவாயில்லையே என்று கையை மடக்கி அளந்தார். பதினாறேகால்.

மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் பதினாறேகால். முக்கால் அங்குலம் போயே போய்விட்டது. அதை ஏற்ற எத்தனை வருஷம் பிடித்தது என்று அவருக்குத்தான் தெரியும். டேப் கையில் தொங்க வெளியே வந்தார்.

"நாளையிலேருந்து ஓடப் போறதில்ல. அந்த ஷூவை யாருக்காவது குடுத்துடு."

அவள் மெஷினை நிறுத்தினாள். டேப்பைப் பார்த்தாள்.

"இதை எங்கேருந்து எடுத்தீங்க?"

"கீழ் டிராயர்ல."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அது இழுபட்டு இழுபட்டு நீண்டுபோன டேப்புங்க. இதுல ஆளை அளந்துட்டு ஸ்கேல் வச்சுத் துணி வெட்டினேன். மூணு பேரோட சட்டை மாட்டவே முடியாம திரும்பி வந்துச்சு. தூக்கிப் போட்டதை எடுத்து அளந்திருக்கீங்களே."

கழுத்தில் கிடந்த புது டேப்பை உருவி, பழையதன் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள். பழையதில் பதினாறேகால் வருகிற இடத்தில் புதியதில் பதினேழை ஒட்டி வந்தது. பிறகு அவர் கையைச் சுற்றி அளந்தாள்.

"பதினேழுக்கு ஒரு நூல் கம்மி. அந்த ஒரு நூல் இல்லாம உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

பீரோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் இடுப்பு? அதுவும் முப்பத்தைந்துதான். ஒன்றரை அங்குலத் தொப்பை திரும்பி வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது. சிரித்துச் சிரித்து நாற்காலியில் சாய்ந்தார். சிரிப்பு அடங்கியதும் மெல்லச் சொன்னார்.

"பயந்துட்டேன். கையும் போயிட்டா என்னை எவன் பீரோன்னு கூப்பிடுவான்?"

"நான் என்னைக்கு உங்களை அப்படிக் கூப்பிட்டேன்?"

யோசித்துப் பார்த்தார். ஒருநாள்கூட இல்லை.

வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டை அவள் இழுத்து வைத்துக்கொண்டாள். கை, மார்பு, இடுப்பு என்று வரிசையாகக் குறித்தாள். இனி மாதம் ஒருமுறை தானே அளப்பதாகவும், குளியலறைக்குள் டேப் போகக் கூடாது என்றும் சொன்னாள். பக்கத்தின் மேலே, பெயர் எழுத வேண்டிய இடத்தில், 'நம்மாளு' என்று எழுதியிருந்தாள்.