முண்டியடிக்காத வரிசை

சிலமலையில் வாக்கப்பட்டிருக்கும் என் நாத்தனார் கையில் பேப்பரோடு பஸ் ஏறி போடிக்கு வந்துவிட்டாள். காப்பியைக்கூடத் தொடவில்லை. "மதினி, இது நம்ம பிள்ளைதான? பாத்துச் சொல்லுங்க."

கனடாவில் ஏதோ ஒரு தெருவின் படம். அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்ததை நம்மூர்ப் பேப்பர் எடுத்துப் போட்டிருந்தது. ஏழைகளுக்கென்று வைத்த இலவச உணவை இந்திய மாணவர்கள் முண்டியடித்து அள்ளுகிறார்களாம், வசதியிருந்தும் வெட்கமில்லையாம். படத்திலோ எல்லோரும் பனியில் ஒருவர் பின் ஒருவராக, கை கட்டி நின்றார்கள். எழுதின மகராசன் போடி பஸ் ஸ்டாண்டில் தேவாரம் ஊருக்குப் போகும் வண்டி வந்து நிற்பதைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. பார்த்திருந்தால் முண்டியடிப்பது என்றால் என்னவென்று தெரிந்திருக்கும்.

வரிசையின் கடைசியில் முதுகைக் காட்டி நின்றது என் மகள்தான். போடிமெட்டுக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்துக்குப் போகும்போது நான் போட்டுக்கொள்ளும் பச்சை ஸ்வெட்டர், தோளில் நானே போட்ட ஒட்டு. கனடாவுக்குப் படிக்கக் கிளம்பும்போது கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

"ஆமா, அவதான். அங்க அன்னதானத்துல பரிமாறப் போயிருக்கா. நம்ம கோயில்ல செய்றவதான?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. சொன்னதும் நானே அதை நம்பிவிட்டேன். பங்குனித் திருவிழாவில் தோட்டம் வைத்திருக்கும் நாங்களும் ஏலக்காய் எடுக்க வருகிறவர்களும் ஒரே பந்தியில்தான் உட்காருவோம். அவள் சாப்பிட்டு எழுந்ததும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். சாப்பாட்டுக்கு நிற்பது எங்களுக்கு எப்போது அசிங்கமாயிற்று? கேட்டவர்களுக்கெல்லாம் இதையே சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. வெள்ளைக்காரனுக்கு நம் வழக்கம் என்ன தெரியும் என்று திட்டவும் செய்தேன்.

அவள் போனில் வந்தபோது சிரித்துக்கொண்டே கேட்டேன். "ஏத்தா, அங்கயும் வாளியத் தூக்கிட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. "பரிமாறப் போகலம்மா. பசிச்சுச்சு. பாத்துக்கிட்டிருந்த வேல போயிருச்சு. உன்கிட்டச் சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு."

அது என் பிள்ளையா, இல்லையா என்றுதான் இத்தனை பேரும் கேட்டார்கள்; பிள்ளைக்குப் பசியா என்று நான்கூடக் கேட்கவில்லை. "போனா என்னத்தா தப்பு? போய் நல்லாச் சாப்பிடு," என்றேன்.

"இப்பப் போறதில்லம்மா. பேப்பர்ல வந்ததுலருந்து பாக்குற பார்வையே வேற. இனிமே வெளிநாட்டு ஸ்டூடண்டுக்குக் கிடையாதுன்னு கதவுல எழுதி ஒட்டிட்டாங்க."

"அப்ப என்னத்தச் சாப்பிடுற?"

"கிளாசுக்கு நேரமாச்சும்மா, வைக்கிறேன்," என்று வைத்துவிட்டாள்.

அன்று அங்கேயும் ஞாயிற்றுக்கிழமைதான்.