எடெல்மிரா வாங்கிய பேல்

எடெல்மிராவுக்குக் கோபம் வந்தால் சந்தையே இரண்டு கடை தள்ளி நிற்கும். எனக்கு அந்த வசதி கிடையாது. என் கடை அவள் கடையோடு ஒட்டியது. அவள் கத்துவதெல்லாம் முதலில் என் இடது காதில்தான் விழும். அந்தக் காது இப்போது கொஞ்சம் மந்தம். அவள் என் மகனுக்கு ஞானத்தாய் வேறு, ஆகவே எனக்குக் கொமாத்ரே. திட்டவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் பாலைவன ஊர் ஆல்டோ ஒஸ்பிசியோவில் யாராவது அவள் வாயைப் பற்றி இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்த வாய் இல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும் இன்னும் குப்பையைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருப்போம்.

மேலே, லாமா மேய்க்கிற குளிர்ப் பிரதேசத்தில் பிறந்தவள் அவள். குமரியாக இறங்கி வந்து, மணலில் ஒரு போர்வையை விரித்து, அதன்மேல் நாலைந்து பழைய ஸ்வெட்டர்களைப் போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்குத் தகரக் கூரை போட்ட கடை இருக்கிறது. கணவன் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான், மீதிப் பாதி தூங்குவான். அவள் உடம்பில் இருக்கும் எல்லாமே பேலில், அதாவது வெளிநாட்டுப் பழந்துணியை இறுக்கிக் கட்டிக் கப்பலில் அனுப்புகிற பொதியில், வந்தவைதான். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளை கவுன்கூட அப்படித்தான். கல்யாணம் முடிந்த வாரமே இடுப்புத் தையலைப் பிரித்துவிட்டு அதை நல்ல விலைக்கு விற்றுவிட்டாள். "கவுனா எங்கூட குடும்பம் நடத்தப் போகுது?" என்றாள்.

அவள் வியாபாரம் செய்வதைக் கேட்க வேண்டும். "வாம்மா, வா! தொட்டுப் பாரு, தொட்டாக் காசா கேக்கப் போறேன்? இந்தக் கோட்டு ஜெர்மனியில ஒரு டாக்டரம்மா போட்டது. இதப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போ, உம் புருஷன் எந்திரிச்சு நின்னு வணக்கம் வைப்பான்!" யாராவது முகத்தைச் சுளித்து, "பழசுதானே" என்று இழுத்தால் போதும். "ஆமா, பழசு. நீ நேத்துதான் பொறந்தியா? எடுத்தா எடு, இல்ல நடையக் கட்டு." பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

போன வருடம், எங்களுக்குக் குளிர்காலமான ஜூலையில், கார்மென் மாதா திருவிழாவுக்கு எங்கள் பேட்டை ஆட்டக்குழு மாதா கோயில் இருக்கும் லா திரானாவுக்குப் போயிற்று. பகலில் மண்டை பிளக்கும் வெயில். ராத்திரியிலோ பம்பா என்கிற அந்தப் பொட்டல் வெளியில் தண்ணீர் உறையும். பிள்ளைகள் மெல்லிய சாட்டின் உடுப்பில் விடிய விடிய ஆடினார்கள். எடெல்மிராவின் ஒரே மகள் யாரித்சா ஆடிக்கொண்டிருந்தவள் அப்படியே சுருண்டு விழுந்தாள். நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைப்பாளா மாட்டாளா என்றாகிவிட்டது. அப்போதுதான் எடெல்மிரா மாதாவிடம் நேர்ச்சை வைத்தாள். மகள் எழுந்து நடந்தால், அடுத்த வருடம் குழுவில் ஆடுகிற அத்தனை பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு ஜெர்கின் போட்டுத்தான் மாதா முன்னால் கூட்டிக்கொண்டு வருவேன் என்றாள். யாரித்சா எழுந்து நடந்தாள். நேர்ச்சை பாக்கி நின்றது.

வருடம் முழுக்க இறைச்சியைக் குறைத்துச் சேர்த்த பணத்தில், இந்த ஜூலை முதல் வாரக் கடைசியில், பேல்களை மொத்தமாக இறக்கி விற்கிற எர்வினின் குடோனில் ஒரு பேல் வாங்கினாள். 'தோன்' எர்வின் என்றுதான் அவரை மரியாதையாகக் கூப்பிடுவோம். மேலே பெரிய எழுத்தில் 'சிறுவர் ஜெர்கின், முதல் தரம்' என்றிருந்தது. பேலை மூடியபடியேதான் வாங்க வேண்டும். பிரித்துக் காட்டச் சொல்லக் கூடாது. பட்டையை வெட்டிவிட்டால் திருப்பியும் தர முடியாது.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் கதை புரியாது. பேலை யாரும் சந்தையில் பிரிக்க மாட்டோம், வீட்டில் வைத்துத்தான். முதலில் நான்கு மூலையிலும் பூமித்தாய் பாச்சமாமாவுக்குப் பீர் ஊற்றி, வண்ணக் காகிதம் தூவி, கும்பிட்டுவிட்டுப் பட்டையை வெட்டுவோம். அதற்குப் பிறகு உள்ளே என்ன வந்தாலும் அந்தப் பேலைப் பற்றி ஒரு சொல் குறையாகப் பேசக் கூடாது. பேசினால் தாய் கையை மூடிக்கொள்வாள்; பேசியவளுக்கு மட்டுமல்ல, அவள் வரிசைக் கடை எல்லாவற்றுக்கும் வியாபாரம் படுத்துவிடும். அதனால் யாராவது "எப்படிடி இருந்துச்சு பேல்?" என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில். என் அம்மா அப்படித்தான் சொன்னாள், நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

வாங்கிய மறுநாள் காலை எடெல்மிரா தன் வீட்டில் பேலைப் பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பீர் ஊற்றியதும் நான்தான். மேல் அடுக்கில் அருமையான ஜெர்கின்கள், சிவப்பும் நீலமும். யாரித்சா கைதட்டினாள். ஆனால் மொத்தமே ஒரு கை அளவுதான். அடியில் கையை விட்டால் பெரிய ஆட்களின் நீச்சல் நிக்கர் வந்தது. பிறகு ஜிப் பிய்ந்த பனிச்சறுக்குக் கால்சட்டை, யாரோ குடிகாரனின் பிறந்தநாளுக்கு அடித்த பனியன்கள், கறை படிந்த ஹோட்டல் அங்கி. கடைசியில் எங்கோ பொரித்த கோழிக்கடை வாசலில் ஆள் உள்ளே புகுந்து ஆடுகிற மஞ்சள் கோழி உடுப்பு ஒன்று, தலையோடு வந்தது. யாரித்சா கைதட்டுவதை நிறுத்தினாள்.

"ஷ்ஷ்… ஒண்ணும் பேசாத கொமாத்ரே," என்றேன் நான். "அதிர்ஷ்டம் அவ்வளவுதான். அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவையா? அடுத்த வாரம் திருவிழாடி!"

அவள் கோழி உடுப்பைத் தூக்கி உதறினாள். அதன் வயிற்றிலிருந்து என்னவோ தொப்பென்று விழுந்தது. ஒரு சோபைபிய்யா. பூசணிக்காய் சேர்த்துப் பிசைந்து பொரிக்கிற, எங்கள் ஊர்த் தெருமுனை ரொட்டி. பாதி கடித்திருந்தது. கடுகுச் சாந்துகூட முழுதாகக் காயவில்லை.

எடெல்மிரா அதைக் கையில் எடுத்து, முகர்ந்து, பல் பட்ட இடத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் கத்தாததைப் பார்த்து நான் யாரித்சாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"ஒடிலியா," என்றாள் என்னைப் பார்த்து. "இது குடோன் வாசல்ல பெர்த்தா சுட்டு விக்கிற ரொட்டி. கடல் தாண்டி எங்கயோ இறுக்கிக் கட்டுன பேலுக்குள்ள இது எப்படி வந்துச்சு? கப்பல்லயா ஏறி வந்துச்சு?"

அப்புறம்தான் கத்தினாள். தகரம் அதிர்ந்தது. பேலில் வந்த அத்தனையையும் போர்வையில் மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நேரே சந்தைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். "வேண்டாம்டி, பீர் ஊத்தியாச்சுடி, வரிசைக்கே ஆகாதுடி!" என்று கெஞ்சினேன். எங்கே கேட்டாள்?

சந்தை நடுவில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க! எம் பேல் குப்பை! நாறப் பேல்! திருட்டுப் பேல்! நான் சொல்றேன், நல்லா உரக்கச் சொல்றேன்!"

எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். எதிர்க்கடை நில்தா சிலுவை போட்டுக்கொண்டு, "வாய மூடு பாவி, எங்க வயித்துல அடிக்காத!" என்று அலறினாள்.

"உன் வயித்துல அடிச்சது நானா?" எடெல்மிரா அந்தக் கடித்த ரொட்டியை அவள் மூக்குக்கு நேராக நீட்டினாள். "பாரு. பேலுக்குள்ள இருந்துச்சு. குடோன்லயே பிரிச்சு, நல்லத உருவிக்கிட்டு, குப்பைய அடைச்சு, மறுபடி பட்டை போட்டு நம்ம தலையில கட்டுறான். அடைக்கிறவன் வேலைக்கு நடுவுல தின்னுருக்கான். உன் பேல்ல என்ன இருந்துச்சு? மாதா மேல ஆணையாச் சொல்லு."

நில்தா குனிந்து ரொட்டியில் பல் பட்ட இடத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், "எம் பேல்ல நம்மூரு பஸ் டிக்கெட் இருந்துச்சு," என்றாள். "என் தலையெழுத்துன்னு இருந்துட்டேன்."

அவ்வளவுதான். அடைத்து வைத்திருந்தது உடைந்தது. ஒருத்தி குழந்தைத் துணிப் பேலில் தரை துடைக்கிற கந்தல் வந்தது என்றாள். இன்னொருத்தி எல்லாச் செருப்பும் இடதுகாலுக்கே வந்தது என்றாள். நானும் சொன்னேன்: பெண்கள் கோட்டு என்று வாங்கியதில் திரைச்சீலை வந்ததை என் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. வருடக்கணக்காக ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் அதிர்ஷ்டம் கெட்டது என்று நினைத்து, ராத்திரியில் தலையணைக்குள் அழுதிருக்கிறோம். நாங்கள் கும்பிட்டுக் கட்டிக்கொண்ட வாயை எர்வின் தன் குடோனுக்குப் பூட்டாக்கிக்கொண்டான். இப்போது எழுதும்போதும் எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

"இதையெல்லாம் போட்டுக்கிட்டு வாங்கடி," என்றாள் எடெல்மிரா. "அவன் வித்த சரக்கு எப்படி இருக்குன்னு அவனே பாக்கட்டும்."

கோழி உடுப்பை அவள் மாட்டிக்கொண்டாள். நில்தா தன் பூப்போட்ட பாவாடைமேல் நீச்சல் நிக்கரை இழுத்துவிட்டாள். எனக்கு ஹோட்டல் அங்கி. ஆட்டக்குழு மேளக்காரன் ருபென் சத்தம் கேட்டு வந்து மேளத்தைத் தூக்கிக்கொண்டான். திருவிழாவுக்கு ஆடுகிற அதே அடவில், அதே தாளத்தில், தெரு முழுக்க ஆடிக்கொண்டே குடோனுக்குப் போனோம். சிரித்தவர்கள் உண்டு. எங்கள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அன்று விற்பனை நாள். தெற்கேயிருந்து வந்த மொத்த வியாபாரிகள் வாசலில் வரிசையாக நின்றார்கள். மேளச் சத்தம் கேட்டுத் தோன் எர்வின் வெளியே வந்தார், சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு. அதுமட்டும் புதுசு.

"என்னம்மா இது கூத்து? பட்டைய வெட்டுனா திருப்ப முடியாதுன்னு தெரியாதா? அதிர்ஷ்டம் சரியில்லன்னா நான் என்ன பண்ணுவேன்? பீர் ஊத்துன பேலைக் குறை சொல்லாதீங்க, பூமித்தாய் பொறுக்க மாட்டா."

அதுவரை எடெல்மிரா அவரை 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறாள். அந்த நிமிடம் 'நீங்க'வும் போயிற்று, 'தோன்'னும் போயிற்று.

"பூமித்தாயப் பத்தி நீ பேசாத எர்வின். பீர் ஊத்துனது அவளுக்கு, உனக்கில்ல!"

அதற்குள் நில்தாவும் நாலைந்து பேரும் கதவைத் தள்ளிவிட்டார்கள். உள்ளே கம்பியில் வரிசையாகத் தொங்கின ஜெர்கின்கள், சிவப்பும் நீலமும், துவைத்து விலைச்சீட்டுக் கட்டித் தலைநகரக் கடைக்குப் போகத் தயாராக. வாசலில் நின்ற வியாபாரிகளும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "என் பேலைப் பிரிச்சுக் காட்டு, அப்புறம் பணம்," என்றார். இன்னொருவர் லாரிக்குத் திரும்பிவிட்டார்.

எர்வின் வியர்த்துப்போய் எடெல்மிராவின் காதருகே குனிந்தார். "உன் ஜெர்கினை எடுத்துக்க. உனக்கு மட்டும். ஆனா இவங்க முன்னால பேல் நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

பக்கத்தில் நின்ற என் காதிலும் அது விழுந்தது. திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம்தான். கையில் வேறு பணமில்லை. மாதாவிடம் சொன்ன சொல் அந்தக் கம்பியில் தொங்குகிறது.

எடெல்மிரா தலையாட்டினாள். "மொதல்ல எடுத்துக்கிறேன்," என்றாள். ஜெர்கின்கள் கைமாறிக் கைமாறிக் கதவுக்கு வெளியே வந்து மூட்டையாகின. கடைசி ஜெர்கின் வெளியே வந்த பிறகு அவள் கோழித் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

"பேல் நல்லாத்தான் இருந்துச்சு ஐயா! ரொம்ப நல்ல பேல்! காலைச் சாப்பாடும் சேத்தே வச்சுக் கட்டியிருக்காங்க!"

கடித்த ரொட்டியை உயரத் தூக்கிப் பிடித்தாள். வாசலில் அடுப்போடு உட்கார்ந்திருந்த பெர்த்தா எழுந்து நின்று, "அடப்பாவிகளா, அது என் ரொட்டி!" என்று கத்தினாள். வரிசை அதோடு கலைந்தது.

லா திரானாவில் இந்த வருடமும் தண்ணீர் உறைந்தது. பிள்ளைகள் சாட்டினுக்குமேல் ஜெர்கினோடு ஆடினார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் ஜெர்கின் குறைந்தது. எங்கள் ஜெர்கின்களில் சில அதற்கு முன்பே தலைநகரத்துக்குப் போய்விட்டிருந்தன. யாருக்கு இல்லை என்று எடெல்மிரா யோசிக்கவே இல்லை. கோழி உடுப்பின் கையையும் காலையும் சுருக்கித் தைத்து, தன் மகளுக்கு மாட்டினாள். "கோழியா நான் மாதா முன்னால போக மாட்டேன்மா!" என்று யாரித்சா அழுதாள். "உள்ள யாருன்னு அவளுக்குத் தெரியும். போடி," என்றாள் தாய். அதுதான் எல்லாவற்றிலும் கதகதப்பான உடுப்பு.

தோன் எர்வினும் வருடா வருடம் மாதாவுக்குப் பெரிய மெழுகுவர்த்தி கொண்டுவருகிறவர்தான். கூட்டத்தில் எங்களைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து, நல்லவர் மாதிரிக் குரலைத் தாழ்த்தினார். "நேர்ச்சை நல்லபடியா முடிஞ்சுதேம்மா. புண்ணிய பூமியில நிக்கிறோம். இன்னும் எதுக்குக் கோபம்? விட்டுடலாமே."

அவர் பின்னால் மஞ்சள் கோழி ஒன்று மூச்சிரைக்கத் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது. எடெல்மிரா அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"நேர்ச்சை மாதாவுக்கு வச்சது, முடிஞ்சுது. கோபம் உனக்கு வச்சது. அது முடியல, மத்தவளுங்க பேலுக்கு நீ இன்னும் கணக்குத் தீக்கல. திங்கக்கிழமை குடோன் வாசல்ல பாப்போம்."

திங்கட்கிழமை போனோம். மேளத்தோடு.