கண்ணாடியில் ஒட்டிய கண்கள்

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டவர்களில் பாதிப்பேர் 'சரியாத் தூங்கலியா?' என்றுதான் கேட்டார்கள். நன்றாகத் தூங்கினேன். நடந்ததெல்லாம் பட்டப்பகலில், குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்த வீட்டிலும் ஆட்கள் வந்துபோகிற கடையிலும். யாராவது பேய் என்று ஆரம்பித்தால் அது எத்தனை ஆம்ப்ஸ் கரண்ட் இழுக்கும் என்று கேட்கிற ஆள் நான். இப்போதும் பேய் என்று சொல்ல வரவில்லை. என்னவென்று சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் வயல். ஐப்பசி மழையில் சுவர் ஊறும், சுவரில் மாட்டியிருக்கிற எல்லாமும் ஊறும். அப்பா போன பிறகு நானும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறோம். போன மழைக்கு உமா படத்துக்குள் பூஞ்சை புகுந்துவிட்டது.

உமா என் அக்கா. நான் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பே, மூன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது காரிலேயே மூச்சு அடங்கிவிட்டது என்று பாதி வழியில் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்களாம். அப்பா அப்போது கல்ஃபில், லீவு கிடைக்கவில்லை. அப்பா வந்ததும் எல்லோருமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டதில் உமாவுக்கு உயிரோடு ஒரு போட்டோகூடக் கிடையாது. அதனால் அப்பா பார்ப்பதற்காக ஸ்டூடியோக்காரரை வீட்டுக்கு வரவழைத்து, அம்மா மடியில் உமாவை உட்காரவைத்து எடுத்தார்கள். பிறகு தென்னந்தோப்பில் அடக்கம் செய்தார்கள். சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை. ஸ்டூடியோக்காரர் பிரிண்ட் போடும்போது, மூடியிருந்த கண்களின் மேல் பிரஷ்ஷால் திறந்த கண்களை வரைந்து கொடுத்தார். அப்போது ஸ்டூடியோக்காரர்கள் இப்படிச் செய்வது சகஜம்தான், உங்கள் வீட்டுப் பழைய படங்களிலும் ஒன்று இருக்கலாம், பாருங்கள்.

பூஞ்சை காதுவரை வந்திருந்தது.

"மக்களே, மூஞ்சிக்கு வருமுன்ன அத ஒரு காப்பி எடுத்துரணும், கேட்டியா? இப்பவே கண்ண மூடுனா அவ மொகம் வரமாட்டேங்கு. அந்தப் படமும் போச்சுன்னா எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா.

எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் அவ்வளவுதான். உமா படம் மட்டும் ஏன், வீட்டில் இருக்கிற எல்லாப் போட்டோவையும் ஸ்கேன் செய்துவிடலாம் என்று இறங்கினேன். வடசேரியில் ஸ்கேன் செய்து தருகிற ஒரு கடையில் பேசிவைத்தேன், வீடியோ வீடியோவாகப் பார்த்தேன், வெள்ளைக் கையுறை, தூசி ஊதுகிற ரப்பர் பந்து, பட்டர் பேப்பர் கவர்கள் எல்லாம் வரவழைத்தேன். போட்டோவின் பின்னால் பேனாவால் எழுதக் கூடாது, மென்மையான பென்சில்தான். பசை பிடித்த ஆல்பத்திலிருந்து பிய்க்கக் கூடாது, பல் இடுக்கில் விடுகிற நூலை அடியில் கொடுத்து மெல்ல அறுத்து எடுக்க வேண்டும்.

"ஏட்டி, என்னத்துக்குக் கையில உறை? போட்டோவுக்குப் பிரசவம் பாக்கப் போறியா?"

"கைரேகை படக்கூடாதும்மா."

"ஓகோ! ஒங்கப்பா எண்ணெ வடியப் பழம்பொரி தின்ன கையோட புரட்டுன ஆல்பமாக்கும் அது" என்று சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், யார் யார் என்று பேர் சொன்னாள், நான் எழுதினேன். இரண்டு நாள் அப்படிப் போனது. சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

உமா படம் கடைசி. ஃப்ரேமின் பின்பலகையைக் கழற்றினால் போட்டோ வரவில்லை, கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. காரணம் அம்மாதான். எல்லா வீட்டிலும் சந்தனமும் குங்குமமும் கண்ணாடிக்கு வெளியே வைப்பார்கள். அம்மா, ஃப்ரேம் போடுமுன்பே போட்டோவின் நெற்றியில் நேராக வைத்துவிட்டாள், பிள்ளைக்கு வைப்பதுபோலவே. அந்தச் சந்தனம் மழைக்கு மழை ஊறி, கண்வரை இறங்கிப் பசையாகியிருந்தது.

கடைக்கார அண்ணன் போனில் தெளிவாகத்தான் சொன்னார்: "ஒட்டியிருந்தா தொடாத தங்கச்சி. கண்ணாடியோடவே கொண்டு வா." ஆனால் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க ஈரம் படிந்து மங்கியிருந்தது, அதன் வழியாக எடுத்தால் முகம் எப்படி வரும்? அம்மா காய்கறி வாங்க வடசேரிக்குப் போயிருந்தாள். நான் நூலை எடுத்தேன். காலை பதினொரு மணி இருக்கும், ஜன்னல் பக்கத்தில் நல்ல வெளிச்சம்.

மேலிருந்து நெற்றி வரை நூல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அங்கே சிக்கியது. கொஞ்சம் அழுத்தினேன், டப்பென்று ஒரு சத்தம், போட்டோ கையோடு வந்துவிட்டது.

முதலில் கண்ணாடியைத்தான் பார்த்தேன். இரண்டு கண்கள் அதில் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன. வரைந்த பெயிண்ட் மட்டும் தோலுரிந்த மாதிரி கழன்று போயிருந்தது. அம்மாவிடம் என்ன சொல்லப் போகிறேன் என்றுதான் அப்போது பயம், வேறெதற்கும் இல்லை. அடியில் மூடிய கண்கள் இருக்கும், அதை வைத்துக் கம்ப்யூட்டரில் ஏதாவது செய்துகொள்ளலாம் என்று போட்டோவைத் திருப்பினேன்.

மூடிய கண்கள் இல்லை. அசைந்து உருக்கலைந்த கண்கள். ஃபோகஸ் தப்பியது என்று சொல்ல முடியாது, உமாவின் சட்டைப் பொத்தானில் நூல் போட்ட தையல்கூடத் தெரிகிறது. அம்மாவின் விரல்கள் இரண்டு உமாவின் கைக்கடியில் தெரிகின்றன, அந்த நகங்களும் அத்தனை துல்லியம். (உயிரோடு இருக்கிறவளுக்கு மாலை போடக் கூடாது என்று அம்மாவைக் கத்தரித்துவிட்டுத்தான் ஃப்ரேம் போட்டார்கள், அந்த விரல்கள் மட்டும் தப்பிவிட்டன.) கண் இமைகள் மட்டும்தான் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலைந்திருந்தன. மெதுவான ஷட்டரில் எடுக்கும்போது ஆள் கண் சிமிட்டினால் எப்படி இருக்கும் என்று போட்டோ எடுக்கிற யாரையும் கேளுங்கள்.

நான் அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயம் என்னை விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்பது மட்டும் தெரிந்தது. பெற்ற பிள்ளையை உயிரோடு புதைத்துவிட்டோம் என்று ஒருத்தி நினைக்க ஆரம்பித்தால் பிறகு அவளுக்கு என்ன மிச்சம் இருக்கும்? போட்டோவைக் கவரில் போட்டேன், கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி என் பீரோவில் வைத்தேன், அம்மா வருவதற்குள் ஸ்கூட்டரில் கடைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் கடைக்கார அண்ணன் கூப்பிட்டார். "தங்கச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

போனேன். ஸ்கிரீனில் மூன்று படங்களை வரிசையாகப் போட்டுவைத்திருந்தார்.

"மொதல்ல எடுத்தது இது. கண்ணு தொறந்து நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ கொண்டுவந்த போட்டோவுல கண்ணு கலஞ்சில்லா இருந்துது? அதான் திரும்ப எடுத்தேன். பாதி மூடிருக்கு. மூணாவது பாரு."

மூன்றாவதில் முழுதாக மூடியிருந்தது.

"எடிட் பண்ணினீங்களாண்ணே?"

"எனக்கு வேற ஜோலி இல்லியாம்மா? ஒரே போட்டோ, ஒரே மெஷினு. நடுவுல மெஷின் கண்ணாடியத் தொடச்சேன், அவ்வளவுதான்."

லைட் விழுகிற கோணம், ஒட்டியிருந்த பெயிண்ட் துணுக்கு, மெஷின் தானாகச் செய்கிற திருத்தம் என்று நான் அடுக்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதையும் நம்பவில்லை என்று தெரிந்தது. நானும்தான். முதல் படத்தில் உமா கேமராவைப் பார்க்கவில்லை, கருவிழி இரண்டும் மேலே, இடது பக்கம் ஏறியிருந்தன. கத்தரித்த ஓரத்தைப் பார்ப்பதுபோல.

மூன்றையும் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு, கண் மூடிய படத்தை மட்டும் பிரிண்ட் போட்டேன். பெயிண்ட் போய்விட்டது, மன்னித்துக்கொள் என்று அம்மாவிடம் கொடுத்தேன். திட்டுவாள், அழுவாள் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

"இது மூணாவது எடுத்தது" என்றாள்.

கடையில் நடந்ததை நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அண்ணைக்கு ஸ்டூடியோக்காரரு மூணு மட்டம் எடுத்தாரு. மொத ரெண்டும் சரியா வரலன்னாரு. பிள்ளைய அனக்காம, அசையாம பிடிங்கம்மான்னு சொன்னாரு பாரு, சுத்தி நின்னவங்க எல்லாம் வையத் தொடங்கிட்டாவ. செத்த பிள்ளை எங்கவே அனங்கும்னு ஒங்க மாமா அடிக்கவே போயிட்டான். பழக்கத்துல வாயில வந்துட்டுன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு பாவம்."

"நீ பாத்தியாம்மா?"

"எங்க பாத்தேன். நேரா கேமராவப் பாருங்கன்னு சொன்னாரு. பாத்துக்கிட்டு இருந்தேன். குனிஞ்சு பாக்கல." படத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டாள்: "கண்ணு தொறந்த படம் ஒண்ணும் வரல இல்லியா, மக்களே?"

"வரலம்மா."

தலையாட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். முப்பது வருடமாக அவள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த முதல் படம் இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை. நீங்கள் கேட்டாலும் காட்ட மாட்டேன், நான் பொய் சொல்கிறேன் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். உமா மடியில் சாய்ந்திருக்கிற கோணத்தையும் அந்த இரண்டு விரல்கள் வருகிற திசையையும் வைத்துப் பார்த்தால், கத்தரித்த ஓரத்துக்கு அப்பால் இருந்தது அம்மாவின் முகம். அம்மா கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், உமா அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.