காருக்குக் கூழ் குறைந்த காலை

எங்கள் கார் ஜேர்மன் மொழி பேசும். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஜேர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தம்பி, கரம்பொனில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற காருக்குள் ஏறி இருந்து, அதன் திரையில் எதையோ தட்டித் தட்டி, "ஜேர்மன் கார் ஜேர்மன்தான் கதைக்கவேணும் அக்கா" என்று சிரித்தான். அடுத்த நாளே விமானம் ஏறிவிட்டான். திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றும் வழி எனக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தபோது மாற்ற மனம் வரவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பாஷை சும்மா கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

அது நாலு கதவுக் குடும்பக் கார். கடும் நீலம். கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் வரும், "தொப்" என்று, அளவாக. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் சில நாட்களில் இரண்டு தரம் சாத்துவேன். தென்னிலங்கையில் கடை வைத்திருந்த என் கணவரின் உறவினர் ஒருவர் பிள்ளைகளோடு கனடாவுக்குப் போனபோது, அந்நியன் கைக்குப் போகக்கூடாது என்று எங்களிடம் தந்துவிட்டுப் போனது. என் கணவர் சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. ஓட்டும் எண்ணமும் இல்லை. ஆகவே கார் எனக்குத்தான் வந்து சேர்ந்தது.

அதுவரை நான் வேலணைக் கந்தோருக்கு வேலைக்கு, பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தவள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் கம்பி, காலில் யாரோ ஒருவருடைய செருப்பு. முதன்முதலாகத் தனியே பண்ணைப் பாலத்தில் அந்தக் காரை விட்டபோது, இரண்டு பக்கமும் கடல், முன்னால் நேர்த் தெரு, கண்ணாடியில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. சத்தம் போட்டுச் சிரித்தேன். வலை எறிந்துகொண்டு நின்ற ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும் என்று ஹோர்னும் அடித்தேன்.

ஆனால் எங்கள் தீவில் இப்படி ஒரு காரை வைத்திருக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை. உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் வலு ருசி. சனிக்கிழமை தவறாமல் அடிப்பக்கம் முழுக்கக் கழுவவேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில். எங்கள் கிணறு உவர். பக்கத்து வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர். வேலிக்கு மேலால் அவர்களுடைய குழாய் வரும், நான் காருக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு கிடப்பேன். சாமான் தேவைப்பட்டால் தம்பிக்குச் சொல்ல, ஊருக்கு வருகிற யாரோ ஒருவருடைய சூட்கேசில் சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் அது வந்து சேரும். ஒருமுறை ஓயில் பில்ரர் ஒன்று, காலில் போடும் கால்மேசுக்குள், துணியில் சுற்றிய குழந்தை மாதிரி வந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற கராஜ்காரர் என் காரைக் கண்டால், "அக்கா, உதை நான் துறக்கமாட்டன், துறந்தால் பூட்ட ஏலாது" என்று முன்கூட்டியே கையைக் கழுவிவிடுவார். அதனால் பொனற்றைத் திறக்க நானே பழகினேன். பழகப் பழக ஆசை கூடியது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று என் கைரேகையைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்தச் சந்தோஷத்துக்கு ஒரே எதிரி மச்சாள்.

மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. கலியாணம் செய்யவில்லை, எங்களோடுதான் இருக்கிறா. வளவில் பாதி அவவுடைய பங்கு. கார் நிற்கிற கொட்டகை அந்தப் பாதிக்குள்தான் இருக்கிறது. ஊரெல்லாம் வைத்திருக்கிற சின்ன ஜப்பான் கார் ஒன்றை வாங்காமல் எதற்கு இந்த யானை என்பது அவவின் கேள்வி. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஒருநாள் அவவைக் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய்த் திரும்புகையில், கார் தெருவின் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. பிறகு பார்த்தால் விரல் அளவு ஒரு சாமான் பழுது. ஆனால் அன்று மச்சாள் வீடு வந்தது லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில், வெங்காயச் சாக்குகளோடு. அவவிடம் படித்த பிள்ளைகள் தெருவோரம் நின்று, "வணக்கம் ரீச்சர்" என்று சொன்னார்களாம். அதை அவ இன்றுவரை மறக்கவில்லை.

அன்று பின்னேரம் முற்றத்தில் பெரிய சண்டை. எனக்கும் வாய் சும்மா கிடக்காது. "இனி ஒருக்கா இந்தக் கார் வழியிலை நிண்டால், நானே வித்துப்போடுறன்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் வேலியால் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"சொன்ன சொல்லு மாறக்கூடாது" என்றா மச்சாள்.

"மாறமாட்டன்" என்றேன். அன்று இரவு நித்திரை வரவில்லை.

கூழ்க் கதையும் அந்த நாட்களில்தான் தொடங்கியது. ஒரு காலை காரை ஸ்ரார்ட் பண்ணியவுடன் திரையில் சிவப்பாய் ஒரு நீளச் சொல் வந்தது. படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் வேலை செய்கிற ரெஸ்ரோரண்ட் குசினியில் இருந்து, சட்டி பானைச் சத்தத்துக்கு நடுவே கத்தினான். "கூல்மிற்றல் குறைஞ்சு போச்சு அக்கா! கூல்மிற்றல்! ஊத்து!"

பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த என் கணவர் கோப்பையைக் கீழே வைத்தார். "கூழோ? காருக்கோ?"

என்ஜினைச் சூடாகாமல் பார்க்கிற இளஞ்சிவப்புத் தண்ணீருக்குத்தான் ஜேர்மன்காரர் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று விளக்கப்படுத்தினேன். அவர் கேட்கவில்லை. நண்டும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் இல்லாமல் அது என்ன கூழ் என்று இரண்டு நாள் சிரித்தார். அதோடு எங்கள் வீட்டில் அதற்குக் கூழ் என்றே பெயராகிவிட்டது. "கூழ் பாத்தனீரோ?" என்று கேட்டுத்தான் என்னை வழியனுப்புவார். மச்சாள் மட்டும் அந்தப் பகிடியில் சேரவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கலியாணம் சரிவந்தது. வேலணையில் கோயிலில் தாலிகட்டு. அவள் வேலியால் எட்டி, "அன்ரி, நான் உங்கடை காரிலைதான் போவன். நாங்கள்தானே அதைக் குளிப்பாட்டி வளத்தனாங்கள்" என்றாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. மாட்டேன் என்று சொல்ல நான் என்ன கல்லா?

காரை மூன்று தரம் கழுவினேன். சீற்றுக்கெல்லாம் தூசி தட்டினேன். கூழ் போகிற குழாய் ஒன்றைக் கவ்வியிருந்த கிளிப்பை உப்புத் தின்றிருந்தது. புதுக் கிளிப் சூட்கேசில் வந்து காருக்குள்ளேயே கிடந்தது. நல்ல காரியத்துக்கு முதல் எதையும் கழற்றவேண்டாம், கலியாணம் முடிய மாற்றுவோம் என்று விட்டுவிட்டேன்.

கலியாணம் திங்கட்கிழமை. காலை ராகுகாலம் பிடிக்கமுதல் வீட்டை விட்டு வெளிக்கிட்டுவிட வேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார். முகூர்த்தத்துக்கு எவ்வளவோ நேரம் இருக்கவே புறப்பட்டோம். முன்சீற்றில் என் கணவர், பின்னால் பெண்ணும் தோழியும். பின்னால் வந்த வான் வண்டியில் பெண்ணின் தாய், தட்டங்கள், சொந்தக்காரர், அவர்களோடு மச்சாள். "நான் வானிலை வாறன், எனக்கு உந்தக் காரிலை நம்பிக்கையில்லை" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் ஏறினா.

பொனற்றில் மல்லிகை மாலை, காலை வெயிலில் நீல நிறம் பளபளத்தது. ஒழுங்கைகளில் நின்றவர்கள் கை காட்டினார்கள். ஆடு ஒன்றுகூட ஒதுங்கி வழிவிட்டது. அந்தக் காரை என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக ஓட்டியதில்லை. பாதி வழி தாண்டியிருக்கும். "டிங்" என்றது. திரை சிவந்தது. அதே சொல். சூடு காட்டுகிற முள் மெல்ல ஏறத் தொடங்கியது.

என் நெஞ்சுதான் முதலில் சூடானது. இன்னும் கொஞ்சத் தூரம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டால் கோயில் வாசலில் போய் நிற்கலாம். ஒருவருக்கும் தெரியாது. என் சொல்லும் நிற்கும், காரும் என்னுடையதாக இருக்கும். ஆனால் அந்தச் சூட்டில் ஓட்டினால் என்ஜின் வெந்துபோகும் என்பதும் எனக்குத் தெரியும். பிறகு என்னிடம் மிஞ்சுவது நீல நிறத் தகரம். நிறுத்தினால் கார் பிழைக்கும், ஆனால் வேறொருவர் முற்றத்தில்.

முள் இன்னும் ஒரு கோடு ஏறியது. "உன்னைச் சாகடிச்சுப்போட்டு எனக்கு நீ என்னத்துக்கு" என்று வாய்விட்டுச் சொன்னேன். பூவரசு நிழல் ஒன்றைக் கண்டு ஓரங்கட்டி, என்ஜினை நிற்பாட்டினேன்.

என் கணவர் பதறி இறங்கி, பின்னால் வந்து நின்ற வானைப் பார்த்துக் கத்தினார். "கூழ் முடிஞ்சுது! கூழ் குறைஞ்சிட்டுது!"

வானுக்குள் ஒரு பூகம்பம். "கலியாண நாளும் அதுவுமா, கூழோ?" என்று பெண்ணின் பெரியம்மா. "மீன் மச்சம் சாப்பிடுற நாளோ இது?" என்று இன்னொரு குரல். "ஆர் கேட்டது கூழ்? மாப்பிள்ளை வீட்டுக்காரரோ?" என்று பெண்ணின் தாய் அழாக்குறை. என் கணவர், இல்லை, கார்தான் கேட்கிறது என்று விளங்கப்படுத்தப் போய் இன்னும் குழப்பினார். காருக்குள் பெண் சிரித்த சிரிப்பில் கண் மை கரைந்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. சாறியை இடுப்பில் செருகிக்கொண்டு பொனற்றைத் திறந்தேன்.

நினைத்த இடமேதான். அந்த உப்புத் தின்ற கிளிப். சூடு ஆறும்வரை மூடியைத் தொடக்கூடாது. ராகுகாலப் புண்ணியத்தில் எங்களுக்கு நேரம் இருந்தது. புதுக் கிளிப்பை எடுத்துக் குழாயைச் சுற்றிப் பூட்டி, ஸ்குறூட்றைவரால் இறுக்கினேன். தெருவோர வீட்டிலிருந்து ஒருவர் ஓடிவந்து வாளி நிறையத் தண்ணீர் வைத்தார். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உவர். நன்றி சொல்லி அப்படியே வைத்துவிட்டேன்.

"இந்தாரும்." திரும்பினால் மச்சாள். கையில், வானில் வந்த ஆட்களுக்குக் குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்கள். "இது உவர் இல்லை."

வாங்கினேன். முகத்தைப் பார்க்க ஏலவில்லை. ஆறின மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, மெல்ல மெல்ல ஊற்றினேன். கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. "சொன்ன சொல்லு சொன்னதுதான் மச்சாள். கார் வழியிலை நிண்டுட்டுது. விக்கிறன்" என்றேன்.

வானில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி நின்றார்கள். வேலியால் சண்டையைக் கேட்டவர்கள்தான் அதில் பாதிப் பேர்.

மச்சாள் கண்ணாடியைச் சரிசெய்தா. வகுப்பில் பிழை கண்டால் செய்வது மாதிரி.

"ஆர் சொன்னது நிண்டதெண்டு?"

"நிக்குதுதானே..."

"என்ன தமிழ் படிச்சனீர்? அண்டைக்குத் தெருவிலை நிண்டுது. தானா நிண்டுது. அது தன்வினை. இண்டைக்கு நீர் நிப்பாட்டினனீர். அது பிறவினை. நிண்டால் விக்கிறன் எண்டுதான் சொன்னனீர். நிப்பாட்டினால் விக்கிறன் எண்டு நீர் சொல்லேல்லை. நான் பக்கத்திலை நிண்டு கேட்டனான்."

கையில் வெற்றுப் போத்தலோடு அப்படியே நின்றேன்.

"நிப்பாட்டாமல் ஓட்டியிருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது" என்றா, குரலைத் தாழ்த்தி. பிறகு சத்தமாக, "தம்பி, நீ வானிலை ஏறு" என்று என் கணவரைக் கிளப்பிவிட்டு, முன்கதவைத் திறந்து ஏறி இருந்து, "தொப்" என்று சாத்தினா. என்னைவிட வடிவாகச் சாத்தினா.

காரை ஸ்ரார்ட் பண்ணினேன். திரையில் சிவப்பு இல்லை. முள் ஒழுங்காகப் பாதியில் நின்றது. பின்னாலிருந்து பெண், "அன்ரி, ஹோர்ன் அடியுங்கோ!" என்றாள். வேலணை வரை அடித்துக்கொண்டே போனேன். மச்சாள் ஒரு தரமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இடையில் ஒரேயொரு திருத்தம் மட்டும் சொன்னா. "அது கூழ் இல்லை. கூல். லகரம். உம்மடை மனுசனுக்கும் சொல்லிவையும்."

கோயில் வாசலில் பெண்ணை இறக்கிவிட்டு, ஆலாத்தி எடுக்கிறவர்கள் சூழ்ந்துகொள்ள, நாங்கள் இருவரும் காருக்குள் ஒரு நிமிடம் இருந்தோம். மேளச் சத்தம் கேட்டது. மச்சாள் இறங்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னா.

"கொட்டகைக்கு மேற்குப் பக்கமும் தகரம் அடிப்பியும். உப்புக் காத்து அங்காலதான் வருது."